உறைக்கு நீண்ட கை

அவர் தன் கையால் ஒரு பழத்தை உரித்து நான் பார்த்ததில்லை. றம்புட்டான் காலத்தில் யாராவது கந்தோருக்கு ஒரு பை கொண்டுவந்தால், பக்கத்தில் இருப்பவர் தோலைப் பிளந்து நீட்டவேண்டும். அவர் இரண்டு விரலால், குளிசை எடுப்பதுபோல எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பிறகு மடித்த லேஞ்சியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். துடைத்து முடித்ததும் விரல்நுனிகளை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். திருப்தி இல்லாவிட்டால் மறுபடி துடைப்பார், மறுபடி மோப்பார். பதினொரு வருடம் ஒரே அலுவலகத்தில் அவருக்கு எதிர்மேசையில் இருந்து இதைப் பார்த்தவன் நான். இன்றைக்கும் றம்புட்டானைக் கண்டால் அந்த மூக்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. பழத்தை அப்படியே வைத்துவிடுகிறேன்.

அண்மையில் அவர் காலமானார். மூன்றாவது வாரம் அவருடைய மகள் தொலைபேசியில் பேசினாள்.

"அங்கிள், அப்பாவின்ர முப்பத்தொண்டாம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. கந்தோரில அப்பா எப்பிடி இருந்தவர் எண்டு எங்களுக்கு ஒண்டும் தெரியாது."

தெரியாமலிருப்பது நல்லது என்று நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கடிதம் எழுதிய கைக்கு, ஒரு முழுப் பக்கத்தில் எதையும் சொல்லாமல் விடுவது பெரிய காரியமல்ல. அந்தப் பக்கத்தில் வராதது இது.

கண்டி நகரத்தில் இருந்த எங்கள் திணைக்களக் கிளையில் நான் நிர்வாக உத்தியோகத்தர். கந்தோருக்கு என்ன வாங்குவதானாலும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு ஒன்று கூடி, விற்பனையாளர்கள் தந்த மாதிரிகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதவேண்டும். அந்தக் குழுவுக்கு நான் செயலாளர். அவர் தலைவர். மூன்றாவதாக ஒரு கணக்காளர் உண்டு. அவர் எதற்கும் தலையாட்டுவார் என்பதால் இனி அவரைப்பற்றிப் பேசவேண்டியதில்லை. சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது: மாதிரிகளைக் குழு உறுப்பினர்களே பரிசோதிக்க வேண்டும். 'உறுப்பினர்களே' என்பதில் உள்ள ஏகாரம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஆனால் எங்கள் தலைவரிடம் வேறொரு வசனம் இருந்தது.

"நீங்கள் செய்து காட்டுங்கோ. நான் பார்த்துச் சொல்லுறன்."

இந்த ஒரு வசனத்தோடு ஒரு மனிதர் ஓய்வூதியம்வரை போய்ச் சேரலாம் என்பதை அவரிடம்தான் கண்டேன். கதிரைகள் வாங்கியபோது எங்கள் கந்தோரிலேயே பாரமான இலிகிதரை அழைத்து, பன்னிரண்டு கதிரைகளிலும் ஒவ்வொன்றாக இருத்தி எழுப்பினார். "எப்பிடி, இடுப்புக்குச் சுகமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். அந்த இலிகிதருக்கு ஆறாவது கதிரையோடு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டு வாங்கியபோது சிற்றூழியர் ஒருவரை முற்றத்தில் நிறுத்திவிட்டு, மேல்மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அரைமணித்தியாலம் பார்த்தார். அது கண்டி மழை, நின்று பெய்யும். கீழே நின்ற மனிதர் அண்ணாந்து, "உள்ளுக்கு வந்துட்டுது சேர்" என்று கத்தினார். இவர் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, "எந்தப் பக்கத்தால?" என்று கேட்டார். பிறகு மழை உள்ளே வருகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அலவத்துகொடவில் எங்களோடு வேலை செய்த ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து, ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடவேண்டும். அதில் ஒரு சமத்துவம் இருக்கிறது, சோறும் நன்றாக இருக்கும். இவர் என் பக்கத்தில் இருந்தார். கோழிக்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லேஞ்சியைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "நீங்கள் கொஞ்சம் பிய்ச்சு இந்தப் பக்கம் வைச்சுவிடுங்கோவன்" என்றார். நான் பிய்த்து வைத்தேன். எதிரே இருந்த, மணப்பெண்ணின் பெரிய வாப்பா இதைக் கவனித்துவிட்டார்.

"சேர், சஹன்ல குந்தினா கை வெக்கத்தான் வேணும்" என்றார் அவர். "எங்கட ஆக்கள் பொண்டாட்டிக்குக்கூட இறைச்சி பிச்சுக் குடுக்கமாட்டாங்க. நீங்க குடுத்து வெச்சவர்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அவமானம் அவருக்குப் படவே படாது. அதையும் வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு வாங்கிக்கொண்டவன் நான்.

நியாயமாகவும் சொல்லவேண்டும். அவர் லஞ்சம் வாங்கியவரல்ல. யாரையும் அதட்டியதில்லை. சிற்றூழியருக்கும் 'நீங்கள், வாங்கோ' தான், கோபம் வந்தால் தவிர. வெள்ளிக்கிழமைகளில் கதிர்காமத்து முருகன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடுவார். குரல் நன்றாகவே இருக்கும். பூ வைப்பது மட்டும் சிற்றூழியர்.

கத்திக்கு வருகிறேன்.

மழைக்காலத்தில் மண்சரிவு இடங்களுக்குப் போகும் எங்கள் வெளிக்களக் குழுக்களுக்கு மடக்குக் கத்திகள் வாங்கத் தலைமையகம் அனுமதி தந்தது. சாதாரணக் கத்தியல்ல. கயிறு அறுக்க, வாகனத்தில் சிக்கியவரின் ஆசனப் பட்டியை வெட்ட, பின்முனையால் கண்ணாடியை உடைக்க, தேவைப்பட்டால் கதவிடுக்கில் விட்டு நெம்ப என்று எல்லாவற்றுக்குமான கனரக மடக்குக் கத்தி. இடுப்புப் பட்டியில் கோத்துக்கொள்ள உறையும் வேண்டும். மூன்று நிறுவனங்கள் மாதிரி அனுப்பின. அ, ஆ, இ என்று நான் சீட்டு ஒட்டினேன்.

இவ்விடத்தில் என் பங்கையும் பதிவு செய்யவேண்டும். என்னென்ன தகைமைகள் இருக்கவேண்டும் என்ற விவரக்கூற்றைத் தயாரித்தவன் நான். சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் மடக்காத கத்திகள் வாங்கியிருந்தோம். அந்தப் பழைய விவரக்கூற்றை எடுத்தேன், 'வகை' என்ற இடத்தில் 'மடக்கக்கூடியது' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன், திகதியை மாற்றினேன். அரசாங்கத்தில் புதிய பத்திரம் இப்படித்தான் பிறக்கிறது. அலகின் நீளம் இருந்தது, உருக்கின் தரம் இருந்தது, பிடி, உறை, உறையின் தையல், உறையின் பொத்தான் எல்லாம் இருந்தன. மடக்குக் கத்தியை விரித்தால் அலகு மறுபடி மடங்காமல் பிடித்து நிறுத்தும் பூட்டு ஒன்று உண்டல்லவா, அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. மடக்காத கத்திக்குப் பூட்டு கிடையாது. பழைய பத்திரத்தில் இல்லாதது புதிய பத்திரத்திலும் இல்லை.

பரிசோதனை களஞ்சிய அறையில் நடந்தது. தலைவர் முதலில் எடுத்தது உறைகளை. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தடவினார். அ, ஆ இரண்டும் நைலோன் துணி உறைகள். அவற்றை இரண்டு விரலால் தூக்கி அப்பால் வைத்தார். மூன்றாவதான இ தடித்த தோல், கறுப்பு, இரட்டைத் தையல், பித்தளைப் பொத்தான். அதை மோந்து பார்த்தார். தன் விரல்களைத் தவிர அவர் ஆசையோடு மோந்த ஒரே பொருள் அதுதான். பொத்தானைத் திறந்து மூடினார். 'டப்' என்று ஒரு சத்தம். மறுபடி திறந்து மூடினார். தன் இடுப்புப் பட்டியில் கோத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார். அறுபதை நெருங்கும் மனிதர், ஒரு பழம் வெட்டத் தெரியாதவர், இடுப்பில் வெற்று உறையோடு பக்கவாட்டில் திரும்பி நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இது சாமான்" என்றார். "இப்பிடி உறை போடுறவன் கத்தியை மோசமாய்ச் செய்வானா?"

இதுதான் அவருடைய மதிப்பீட்டு முறை. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் அறிக்கைக்குப் பரிசோதனை வேண்டுமே. "பழனிவேலைக் கூப்பிடுங்கோ" என்றார்.

பழனிவேல் களஞ்சியத்தில் அமைய ஊழியர். தெல்தெனியப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர், அப்போது நாற்பது தாண்டியிருக்கும். ஒன்பது வருடமாக நாட்சம்பளத்தில் இருந்தார். அந்த மாதம்தான் அவரை நிரந்தரமாக்கும் பத்திரங்கள் அடங்கிய கோவை மேலே போகவேண்டியிருந்தது. தலைவரின் சிபாரிசுக்காக அவருடைய மேசையில் கிடந்தது. பழனிவேலுக்கு அது தெரியும். ஆகவே எந்த வேலைக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். அவர் குழு உறுப்பினர் அல்ல, கத்தியைத் தொட அவருக்கு அதிகாரமில்லை என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. மழைக்கோட்டுக்கும் சொல்லவில்லை, கதிரைக்கும் சொல்லவில்லை. பழக்கமாகிவிட்ட தவறு நடைமுறையாகிவிடுகிறது.

பழனிவேல் அ, ஆ இரண்டு கத்திகளாலும் கயிறு அறுத்தார், பட்டி வெட்டினார், பலகையில் குத்தி நெம்பினார். இரண்டும் தாங்கின. இ கத்தியை விரித்தவுடன் அலகைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தார். கத்தியோடு பழகியவர்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

"ஐயா, இது ஆடுதுங்களே."

"புதுசுதானே. பழகப் பழகச் சரிவரும்" என்றார் தலைவர். உறை இன்னும் அவர் இடுப்பிலேயே இருந்தது.

"இல்லீங்க ஐயா, பூட்டு முழுசா வந்து விழல. பாதியில நிக்குது."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். ஆட்டம் என்பதற்கு அதில் நிரல் இல்லை. நான் ஒன்றும் எழுதவில்லை.

"செய்து காட்டுங்கோ. நான் பார்த்துச் சொல்லுறன்" என்றார் அவர், உறையைக் கழற்றி மேசையில் வைத்து அதன் பக்கத்தில் முழங்கையை ஊன்றியபடி.

கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. பட்டியும் அப்படியே. "பாத்தீங்களா" என்றார் தலைவர். பிறகு பலகை. பழனிவேல் நுனியைப் பலகைக்குள் இறக்கி, ஒரு கணம் தயங்கினார். "நல்லா நெம்பும்" என்றார் தலைவர். அவர் நெம்பினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், பொத்தான் சத்தத்தைவிடச் சின்னது. அலகு பின்பக்கமாக மடங்கி, பிடியைச் சுற்றியிருந்த விரல்களின் மேல் வந்து மூடியது.

பழனிவேல் கத்தவில்லை. கத்தி எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதவர்போலத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரத்தம் மேசையில் பரவியது. அப்போதுதான், என்னுடைய பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, தலைவர் தன் கையால் ஒரு காரியத்தை மின்னலாகச் செய்ததைக் கண்டேன். அவருடைய கை நீண்டது. மேசையில் கிடந்த உறையை எடுத்து, இரத்தம் படாத உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கையை நான் நினைவு மலரில் எழுதவில்லை.

அலகை விரித்து விரல்களை விடுவித்தது நான். முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நரம்பு அறுந்துவிட்டது, தைக்கிறோம், மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். வழியெல்லாம் பழனிவேல் கேட்ட ஒரே கேள்வி, "ஐயா, நம்ம கோவைக்கு இது ஒண்ணும் ஆகிறாதுங்களே?"

மறுநாள் நான் தலைவரிடம், இ மாதிரியை நிராகரிக்கவேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"எந்த உருப்படிக்குக் கீழ?"

"பூட்டு பிழை, சேர்."

"பூட்டு எங்க இருக்கு, காட்டுங்கோ." அவருடைய சுட்டுவிரல் படிவத்துக்கு மேலே, அதைத் தொடாமல், வரிவரியாக இறங்கியது. "விவரக்கூற்றில இல்லாத காரணத்துக்காக ஒரு மாதிரியை நிராகரிக்க ஏலாது. அப்பிடிச் செய்தால் அதை அனுப்பினவன் முறைப்பாடு செய்வான். இதை எங்களுக்குச் சொல்லித் தந்தது ஆர்? நீங்கள்தானே."

உண்மை. பயிற்சி வகுப்பில் நானே சொன்னது. வசனம்கூட என்னுடையது.

"அந்த மனிசனுக்குக் காயம் பட்டிருக்கு சேர்."

"அதுதான் நானும் யோசிக்கிறன். குழுவில் இல்லாத அமைய ஊழியர் ஏன் மாதிரியைக் கையில எடுத்தவர் எண்டு விசாரணை வரும். முதல்ல ஆரை நிப்பாட்டுவினம்? அவரைத்தான். அவற்ற கோவை என்ர மேசையிலதான் கிடக்கு. நல்ல மனிசன். பாவம்."

மிரட்டல் என்று சொல்ல ஒன்றுமில்லை அதில். உண்மையாகவே பரிதாபப்பட்டார். பரிதாபப்பட்டபடியே என்னைப் பழனிவேலின் பெயரில் ஒரு வாக்குமூலம் எழுதச் சொன்னார். நான் எழுதினேன். 'மதிய உணவு வேளையில் பப்பாசிப் பழம் ஒன்றை வெட்டிக்கொண்டிருக்கையில், எனது சொந்தக் கவனக்குறைவினால்.' இந்த மாதிரி வசனங்கள் எனக்குத் தாமாகவே வரும்.

கட்டுப் போட்ட கையோடு வந்த பழனிவேலுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பப்பாசி வெட்ட இவ்வளவு வெட்டு விழாதுங்க ஐயா. பலாக்கான்னு போடுங்க. நம்புவாங்க."

"கந்தோரில ஆர் பலாக்காய் வெட்டுறது? பப்பாசியே இருக்கட்டும்" என்றார் தலைவர்.

பழனிவேல் இடது கையால் ஒப்பமிட்டார். அது அவருடைய ஒப்பம்போலவே இல்லை. பின்னர் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் தாபனக் கிளையிலிருந்து அதைப்பற்றிக் கேட்டுக் குறிப்பு வந்தபோது, 'ஒப்பம் சரியானது என உறுதிப்படுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு பொய்யைப் பாதுகாக்கத் தேவையான எல்லா ஆவணங்களும் ஒழுங்காக இருந்தன.

மதிப்பீட்டு அறிக்கையில் இ முதலிடம். 'உறை: மிகச் சிறந்தது' என்று தலைவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாய்விட்டுச் சொல்லாமல் கொடுத்த வாக்கின்படி அடுத்த கிழமையே பழனிவேலின் கோவையைச் சிபாரிசு செய்து அனுப்பினார். நியமனம் வந்தது. அவர் வாக்குத் தவறியிருந்தால் அவரை வெறுப்பது எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்தத் தீபாவளிக்குப் பழனிவேல் எங்கள் அறைக்கு ஒரு தட்டு முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். வலது கையின் இரண்டு விரல்கள் மரக்குச்சிபோல நீட்டிக்கொண்டே நின்றன. தட்டின் பாரத்தைத் தாங்கவில்லை. இடது கையால் நீட்டினார்.

தலைவரின் முகம் சுருங்கியது. "நல்ல நாளும் அதுவுமாய் இடக்கையால தராதையும். அந்த மேசையில வைச்சிட்டுப் போம்."

பழனிவேல் வைத்துவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனார். தலைவர் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் ஒண்டு சாப்பிட்டுப் பாருங்கோ. எண்ணெய் பழசோ தெரியாது."

நான் சாப்பிட்டேன். நல்ல எண்ணெய் என்றேன். அதன் பிறகு அவர் நான்கு எடுத்துக்கொண்டார்.

கத்திகள் வந்தன, விநியோகமாயின. வெளிக்களக்காரர்கள் எங்களைப்போல முட்டாள்களல்ல. இரண்டு நாளில் பூட்டின் இலட்சணம் புரிந்துவிட்டது. கத்தியை விரித்து வைத்து, மடங்கும் இடத்தில் கறுப்பு நாடாவை இறுக்கச் சுற்றி, மடக்காத கத்தியாக்கிவிட்டார்கள். விரித்த கத்தி உறைக்குள் போகாது. ஆகவே உறைகளில் வெற்றிலை பாக்கு வைத்தார்கள், சிலர் தொலைபேசி வைத்தார்கள். ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில், 'உறைகள் சிறந்த நிலையில் உள்ளன' என்று வந்தது. தலைவர் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

பழனிவேலின் விரல்களை மூடிய மாதிரியை அவர் 'மேலதிக பரிசோதனைக்காக' என்று வீட்டுக்குக் கொண்டுபோனார். சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான். அது இன்றுவரை திரும்பி வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சந்தையில் பழனிவேலைக் கண்டேன். உண்மையை எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பப்போகிறேன் என்றேன். எந்தப் பிரிவுக்கு, எந்தப் பிரமாணத்தின் கீழ் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். அவர் மரக்கறிப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வேணாங்க ஐயா. பொய்யின்னு ஆச்சுன்னா, பொய் சொன்னது நான்தானே. ஒப்பம் என்னுதுங்க. பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு." பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னார். "ரெண்டு வெரல் போனாலும் வேல கெடச்சிருச்சுங்களே. நம்ம தோட்டத்துல வேலையும் இல்லாம வெரலும் இல்லாம எத்தன பேரு இருக்காங்க."

முப்பத்தோராம் நாள் மதியம் தலைவரின் குண்டசாலை வீட்டுக்குப் போனேன். கிருத்தியம் முடிந்து ஐயர் புறப்பட்டிருந்தார். பழனிவேலும் வந்திருந்தார். யாரும் கேட்காமலே கதிரைகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். விறாந்தையில் நினைவு மலர் பெட்டி, அச்சகத்தில் போட்ட பிளாஸ்டிக் பட்டியோடு அப்படியே இருந்தது. கொழும்பிலிருந்து வந்த மருமகன் பட்டியை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

"கத்தி ஒண்டு இருக்கு" என்று மகள் உள்ளே போனாள். கண்ணாடி அலுமாரியில், பரிசுக் கேடயங்களுக்கு நடுவிலிருந்து அந்தக் கறுப்பு உறையை எடுத்துக்கொண்டு வந்தாள். தோல் இன்னும் பளபளத்தது. "அப்பாவுக்கு இதெண்டால் உயிர். ஒவ்வொரு கிழமையும் அம்மாவைக்கொண்டு பொலிஷ் போடுவிச்சவர்."

மருமகன் பொத்தானைத் திறந்தார். அதே 'டப்'. கத்தியை விரித்து, நுனியைப் பட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் விட்டு நெம்பப் போனார். நான் கையில் தேநீரோடு இருந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் கதிரை ஒன்று தரையில் விழுந்தது.

"தம்பி, வேணாங்க. அத அப்பிடிப் புடிக்காதீங்க." பழனிவேல் ஓடிவந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அது மடங்கிரும். பூட்டு நிக்காதுங்க."

மருமகன் கத்தியையும் அவரையும் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையில் நீட்டிக்கொண்டு நின்ற இரண்டு விரல்களைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? இதாலயா வெட்டினது?"

பழனிவேல் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். அனுமதி கேட்கும் பார்வையல்ல; பயப்படாதீர்கள் என்று சொல்லும் பார்வை. பிறகு அந்த வீட்டாருக்கு, எந்தச் சொல்லும் தவறாமல் சொன்னார்.

"இல்லீங்க தம்பி. அது மதிய உணவு வேளையில பப்பாசி வெட்டிக்கிட்டு இருக்கையில, எனது சொந்தக் கவனக்குறைவுங்க."

மகள் "ஐயோ பாவம்" என்றாள். மருமகன் கத்தியைப் பிடிப்பக்கமாக அவரிடம் நீட்டினார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார்:

"அப்ப உங்களுக்குத்தான் கைப்பழக்கம். நீங்கள் வெட்டுங்கோ, நான் பாக்கிறன்."

பழனிவேல் அதை இடது கையால் வாங்கி, பாதத்துக்கு அடியில் பெட்டியை அழுத்திக்கொண்டு, நெம்பாமல், அலகின் கூர்ப்பக்கத்தால் மெதுவாக அறுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டி விலகியது. கத்தியை மடக்கி உறைக்குள் இட்டு மகளிடம் கொடுத்துவிட்டு, நினைவு மலர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்தபடி வந்தார்.

பக்கத்தில் இருந்தவர் விரித்த பிரதியின் ஏழாம் பக்கத்தில் என் பெயரும் பழைய பதவியும் இருந்தன. நடுவில் நான் எழுதிய ஒரு வசனத்தை மகள் தடித்த எழுத்தில் போடுவித்திருந்தாள்: 'எந்தப் பொருளையும் நேரில் பரிசோதிக்காமல் ஒப்பமிடாதவர்.'

பழனிவேல் எனக்கு முன்னால் வந்து நின்றார். புத்தகம் கனமான தாள், மடங்காத விரல்களுக்கு இடையில் நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றினார்.

"இடது கையின்னு தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா" என்றார்.

நான் வலது கையால் வாங்கிக்கொண்டேன்.